எழுத்தின் நிறமும் கண்ணின் களைப்பும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலையில் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறுகிறவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இருக்கை கிடைத்தவரும் சரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் சரி, தலை குனிந்து கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கே.எல். சென்ட்ரல் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் கண்ணுக்கு வேலைதான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் கணினிக்கு முன்னால். மாலையில் திரும்பவும் அதே ரயில், அதே கைப்பேசி. வீடு வந்து சேர்ந்தால், பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார். தேதி புரிகிறது, நேரம் புரியவில்லை. இரவில் நெற்றிப் பொட்டு வலிக்கிறது, கண் எரிகிறது. "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டு ஒரு தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருடைய வயதைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அவர் நாள் முழுதும் பார்க்கிற எழுத்து என்ன நிறம்? அதன் பின்னணி என்ன நிறம்?

நிறமா, வெளிச்சமா?

எழுத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம்மில் பலர் அழகை மட்டும்தான் நினைக்கிறோம். தீபாவளி வாழ்த்தா, மஞ்சளும் சிவப்பும். கோயில் திருவிழாவா, பச்சையும் சிவப்பும். ஆனால் படிக்கும் வேலையில் கண் முதலில் தேடுவது நிறத்தை அல்ல. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டைத்தான் அது தேடுகிறது.

கணினித் திரையில் எல்லா நிறங்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவையே. மூன்றும் முழு அளவில் சேர்ந்தால் வெள்ளை. ஆனால் அந்த வெள்ளையின் வெளிச்சத்தில் மூன்றுக்கும் சமபங்கு இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21 விழுக்காடு, நீலத்தின் பங்கு வெறும் 7 விழுக்காடு. மஞ்சள் என்பது பச்சையும் சிவப்பும் சேர்ந்தது. ஆகவே அது கிட்டத்தட்ட வெள்ளைக்கு நிகரான வெளிச்சம் கொண்டது. நீலம் ஏறக்குறைய கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்தக் கணக்கை அடிப்படையாக வைத்துத்தான் உலக இணையக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி ஓர் அளவுகோலை வகுத்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் வேறுபாடு 21க்கு 1. அதுதான் உச்சம். சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். பார்வை குறைந்தவர்களையும் கருத்தில் கொண்டால் 7க்கு 1 நல்லது.

இப்போது நமக்குப் பழக்கமான சில நிறச் சேர்க்கைகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். வெள்ளையில் மஞ்சள் எழுத்து 1.07. அதாவது எழுத்தே இல்லாத மாதிரி. கரும்பச்சையில் சிவப்பு சுமார் 1.3. கறுப்பில் நீலம் 2.4. மஞ்சளில் சிவப்பு 3.7. கொட்டை எழுத்தில் தலைப்புக்கு அது ஆகும், உள்ளே பொடி எழுத்துக்கு ஆகாது. நீலத்தில் மஞ்சள் 8. கறுப்பில் மஞ்சள் 19.6.

அந்தப் பெண் பார்த்த பள்ளி அறிவிப்பு எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? அவர் கண்ணில் குறை தேடினார். குறை அறிவிப்பில் இருந்தது.

சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணின் வில்லை இந்த இரண்டு ஒளிகளையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. அதனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து மிதப்பது போலவும் நடுங்குவது போலவும் தோன்றும். அதைப் படிக்கப் படிக்கக் கண் களைத்துப் போகும். அதோடு சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தக் குறை பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். தன்னிடம் அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறவர்களும் உண்டு.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நீங்கள் தயாரித்த அறிவிப்பை ஒரு நகல் எடுக்கும் கடையில் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துப் பாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் நிறத் தேர்வு சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் தவறு. கைப்பேசி அமைப்பிலேயே திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதி இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் அரை நிமிடம் செலவழித்தால் போதும்.

வெள்ளையில் கறுப்பா? கறுப்பில் வெள்ளையா?

2019இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கறுப்புத் திரை வசதி வந்த பிறகு, அதுதான் கண்ணுக்கு நல்லது என்ற பேச்சு பரவிவிட்டது. உண்மை அவ்வளவு எளிதானதல்ல.

வெளிச்சமான பின்னணியைப் பார்க்கும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. பாவை சுருங்கினால் காட்சி கூர்மையாகிறது. தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைப் படிக்கக் கண்ணை இடுக்கிக்கொள்கிறோமே, அதே தத்துவம்தான். கறுப்புப் பின்னணியில் பாவை விரிகிறது. சின்ன சின்னப் பார்வைக் கோளாறுகள் அப்போது பெரிதாகின்றன. உருட்சிப் பிழை எனப்படும் அஸ்டிக்மாடிசம் உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓரம் கலைந்து, ஒளி கசிவது போலத் தெரியும்.

ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீப்பன்புரோக், மாயர், புக்னர் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. இளையோர், முதியோர் ஆகிய இரு சாராருமே வெளிச்சப் பின்னணியில் கறுப்பு எழுத்தைத்தான் நன்றாகப் படித்தார்கள். எழுத்து சிறிதாகச் சிறிதாக அந்த நன்மை கூடுகிறது என்று 2014இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது.

அப்படியானால் கறுப்புத் திரை வேண்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடம் உண்டு.

தொலைக்காட்சி நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பவருக்கு முன்னால் கேமராவுக்கு நேராக ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கும். அதில் ஓடும் எழுத்து கறுப்பில் வெள்ளை. காரணம், அங்கே பின்னணி வெள்ளையாக இருந்தால் அந்த வெளிச்சம் முழுதும் கண்ணாடியில் விழுந்துவிடும். எழுத்து மட்டும் மிதந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே அங்கே கறுப்பு. எழுத்தும் பெரிதாக இருக்கும்.

தமிழ்ப் படத்துக்குக் கீழே ஓடும் மலாய் வரிகளையும் நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றால், கரை கட்டாத வெள்ளை எழுத்து அதில் கரைந்துபோய்விடும். அதனால்தான் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை கட்டுகிறார்கள், அல்லது எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடுகிறார்கள். பின்னணி ஓயாமல் மாறும் இடத்தில் எழுத்து தன் பின்னணியைத் தானே சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. வாழ்த்து அட்டையில் பூவின் மேலும் புகைப்படத்தின் மேலும் எழுதுகிறவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆக, பகலில், வெளிச்சமான அலுவலகத்தில், நீண்ட நேரம் படிப்பதற்கு வெளிர் பின்னணியில் கரு எழுத்து. இருட்டறையில், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது, சற்று நேரம் பார்ப்பதற்குக் கறுப்புத் திரை. பளீரென்ற வெள்ளை உறுத்துகிறது என்பவர்கள் சற்றே மங்கலான வெள்ளையை, பழைய தாளின் நிறத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம். எழுத்தையும் முழுக் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற்றலாம். அடர் சாம்பல் எழுத்துக்கு வெள்ளையில்கூட 12க்கு 1 வேறுபாடு இருக்கும். அது தாராளம். ஆனால் நாகரிகம் என்று நினைத்து வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் போடுகிறார்களே, அது கண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

கணினியில் தமிழ் எப்படித் தெரிய வேண்டும் என்ற கவலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1985லிருந்து முரசு அஞ்சல் மென்பொருளை வளர்த்து வரும் முத்து நெடுமாறன் நம் கோலாலம்பூர்க்காரர். ஆப்பிள் கணினியில் இடம்பெற்ற இணைமதி எழுத்துரு அவர் வடித்ததுதான். 2001இல் தமிழ் இணைய மாநாடும் இதே கோலாலம்பூரில் நடந்தது. இன்று தமிழ் எல்லாத் திரைகளிலும் ஏறிவிட்டது. ஏறிய தமிழைக் கண் நோகாமல் படிக்க வைப்பது நம் பொறுப்பு.

தமிழில் ஒரு புள்ளி பொருளையே மாற்றிவிடும். 'பல்' என்ற சொல்லில் புள்ளி மறைந்தால் 'பல' ஆகிவிடும். 'ஒடு' என்பதற்கும் 'ஓடு' என்பதற்கும் ஒரு சிறு சுழிதான் வித்தியாசம். 'ண' எழுத்துக்கும் 'ன' எழுத்துக்கும் ஒரு சுழி வித்தியாசம். நிற வேறுபாடு குறைந்தால் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளியும் சுழியும்தான். கறுப்பில் வெள்ளை எழுத்தை மிகத் தடிப்பாகப் போட்டாலோ, ஒளி பரவிச் சுழியின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. எழுத்தை ஒரு படி பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். நிறத்தை மாற்றுவதைவிட இதுவே பலருக்கு உடனடி நிவாரணம் தரும்.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் பாடம்

எழுத்தும் பின்னணியும் பற்றி நமக்குக் கற்றுத்தரத் தகுதியானவர்கள் எங்கோ இல்லை. பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறார்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசிய பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இயங்குகிறது. வெள்ளைக் கோலோடு சாலையைக் கடப்பவர்களை அந்த வட்டாரத்தில் தினமும் பார்க்கலாம்.

அங்கே நடைபாதையில் பதித்திருக்கும் புடைப்புக் கற்களைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஏற்பாடு ஜப்பானில் ஒக்கயாமா நகரில் 1967இல் தொடங்கியது. காலால் தடவிப் போகிறவருக்கு நிறம் எதற்கு, அதற்கு ஏன் மஞ்சள் பூச வேண்டும் என்று கேட்கலாம். பார்வையற்றவர் என்று நாம் அழைப்பவர்களில் பலருக்குச் சிறிதளவு பார்வை எஞ்சியிருக்கும். சாம்பல் நிற நடைபாதையில் மஞ்சள் பட்டை ஒரு கோடாக அவர்களுக்குத் தெரிகிறது. அந்த வெளிச்ச வேறுபாடுதான் அவர்களைச் சாலைக்குள் இறங்காமல் காக்கிறது. நமக்குத் தலைவலியாக இருக்கும் விஷயம், அவர்களுக்குப் பாதுகாப்பான நடை.

அவர்களில் பலர் கணினியில் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. கண்புரை போன்றவற்றால் கண்ணின் ஊடகம் கலங்கியிருந்தால், வெள்ளைப் பின்னணியின் ஒளி உள்ளே சிதறி எழுத்தை மூடிவிடும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கோர்டன் லெக்கும் சகாக்களும் 1985இலேயே இதை எடுத்துக்காட்டினார்கள். அத்தகையவர்கள் கறுப்பில் வெள்ளை எழுத்தை விரைவாகப் படித்தார்கள்.

அப்படியென்றால், எல்லாருக்கும் பொருந்தும் ஒரே நிறம் என்று எதுவும் இல்லை. பிள்ளைக்கு ஏற்றது பாட்டிக்கு ஏற்காது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. ஆகவே எழுத்தைப் படமாக்கி அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். படமாக வந்தால் படிப்பவர் நிறத்தை மாற்ற முடியாது. பார்வையற்றவரின் கைப்பேசியும் அதை எளிதில் வாசித்துக் காட்டாது. எழுத்தாக வந்தால் அவரவர் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், தகவலைப் பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. அந்த உரிமையை நம் வாட்ஸ்அப் குழுவிலேயே தொடங்கி வைக்கலாமே.

கண்ணாடி வாங்குவதற்கு முன்

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் களைப்பு தீரும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. 17 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வறிக்கை 2023இல் வந்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், கணினி வேலையால் வரும் கண் களைப்பை அது குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு.

கண் எரிச்சலுக்கு எளிமையான ஒரு காரணம் இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்க வேண்டிய நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்தால் கண் இன்னும் காய்ந்துபோகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். நன்றாக இமையுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

நிறம் மாற்றித் தீராத நோய்

இந்த உரையில் மிக முக்கியமான செய்தி இனிதான் வருகிறது.

திரையின் நிறத்தை மாற்றுகிறோம், எழுத்தைப் பெரிதாக்குகிறோம், வெளிச்சத்தைக் கூட்டுகிறோம். கொஞ்ச நாள் சுகமாக இருக்கிறது. பிறகு மறுபடியும் மங்குகிறது. மறுபடியும் கூட்டுகிறோம். இப்படியே கூட்டிக்கொண்டு போனால், நாம் கண்ணுக்கு உதவவில்லை, கண் தரும் எச்சரிக்கையை மூடி மறைக்கிறோம்.

நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. ஒரு படிக்கும் கண்ணாடி போதும். ஆனால் நம் சமுதாயத்தில் இன்னொன்றையும் பயத்தோடு பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் தெளிந்து மங்கும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்படும்போது தொடக்கத்தில் வலியும் இருக்காது, அறிகுறியும் இருக்காது. தெரிய வரும்போது பலருக்குக் காலம் கடந்திருக்கும்.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் வழி சொல்வார்கள். எழுத்து வளைந்து தெரிந்தாலோ, கண்முன் திடீரென்று புள்ளிகள் மிதந்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, ஒரு கண் மட்டும் மங்கினாலோ, திரையைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக் காலையில்

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். நாளைக் காலையில் அவர் என்ன செய்யலாம்?

அலுவலகம் போனதும் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். தாளைவிடத் திரை விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். தாளைவிட மங்கினால் கூட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாதபடி அதைப் பக்கவாட்டில் திருப்பலாம். கணக்கு அட்டவணையில் போட்டு வைத்த சிவப்பு, பச்சைக் கட்டங்களை நீக்கி, வெளிர் பின்னணியில் கரு எழுத்தாக மாற்றலாம். இலக்கங்களை ஓர் அளவு பெரிதாக்கலாம். முதலாளியிடமும் கேட்கலாம். வேலை செய்கிறவரின் நலனைக் கவனிப்பது 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமேல் வைத்திருக்கும் கடமை. அது சலுகை அல்ல.

அதன்பின், அந்த வாரமே ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுத்து, இரத்தத்தில் சர்க்கரையையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளலாம். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. ஏதாவது இருந்தால், காலத்தில் தெரிந்துகொண்ட நன்மை.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை கோயில் அறிவிப்போ, பள்ளி அறிவிப்போ, திருமண அழைப்போ தயாரிக்கும்போது, அதைப் படிக்கப்போகும் ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து ரயிலில் நின்றபடி படிக்கப்போகும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவருக்கு அது ஐந்து நிமிட வேலை. படிக்கிறவர்கள் நூறு பேர். அந்த நூறு பேரின் கண்களும் நம்மை நம்பித்தான் அந்த எழுத்தின்மேல் விழுகின்றன.